கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊர்: தரங்கம்பாடியின் மக்கள்தொகை வரலாறு

1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தரங்கம்பாடியின் மக்கள்தொகை 13,142. 2011-இல் தரங்கம்பாடிப் பேரூராட்சியில் வாழ்ந்தவர்கள் 23,191 பேர். நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஊர் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இதே காலத்தில் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்தோர் தொகை 1.93 கோடியிலிருந்து 7.21 கோடியாக, ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகியது. மாநிலத்தின் வேகத்தில் வளர்ந்திருந்தால் தரங்கம்பாடியில் 2011-இல் ஏறத்தாழ அரை லட்சம் பேர் இருந்திருப்பார்கள். ஊர் எல்லைகள் இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால் இந்த ஒப்பீட்டைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரிது.

இங்கே கோட்டை கட்டி வணிகம் செய்த டேனியர்கள் 1845-இல் ஊரை விற்றுவிட்டுப் போனார்கள், ஊர் படுத்துவிட்டது என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சுற்றுலாக் கையேடுகளில் மட்டுமல்ல, ஆய்வு நூல்கள் சிலவற்றிலும் இதுவே காணப்படுகிறது. காலவரிசையை அடுக்கிப் பார்த்தால் இது பொருந்தவில்லை.

முதலில், ஊர் டேனியர்கள் உண்டாக்கியதன்று. கடலோரத்தில் பாதி அரிக்கப்பட்டு நின்ற மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்றும் ஒரு பெயர் வழங்கியது. ‘பட்டினம்’ என்பது வணிகத் துறைக்குரிய பின்னொட்டு. 1620-இல் ஓவே யெட்டே என்ற டேனிய அதிகாரி தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியபோது, மீனவரும் வணிகரும் ஏற்கெனவே இருந்த கரையில்தான் இறங்கினார்.

கோட்டையின் பிழைப்பும் ஊர்க்காரர்களைச் சார்ந்தே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. 1655 முதல் 1669 வரை கோட்டையில் எஞ்சியிருந்த டேனியர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே ஒருவர்தான். ஊர்க்காரர்களையும் கலப்பினப் போர்ச்சுகீசியரையும் கொண்டே அவர் கோட்டையைக் காத்தார். கோபன்ஹேகன் மறந்துபோன அந்தக் காலத்திலும் ஊர் கலையவில்லை என்பதை ‘டேனியர் போனதால் வீழ்ந்தது’ என்போர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

1706-இல் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்த பிறகு மிஷன் பள்ளிகள், 1713-இல் தமிழ் அச்சகம், 1715-இல் அச்சேறிய புதிய ஏற்பாடு எனப் பல பணிகள் இங்கே திரண்டன. அச்சுக்குக் காகிதம் வேண்டியிருந்ததால் பொறையாற்றுப் பக்கம் காகிதப் பட்டறை ஒன்று நிறுவப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்று அப்பகுதி இன்றும் வழங்குகிறது. மதில் சூழ்ந்த நகரத்துக்கு உள்ளே இடம் கிடைக்காதவை மேற்கே, உள்நாட்டுப் பக்கம் நகர்ந்ததற்கு இது தொடக்க கால எடுத்துக்காட்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருக்க, நடுநிலைக் கொடியின் கீழ் வணிகம் கொழித்தது. 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது அந்தக் கொழிப்பு முடிந்தது. ஆகவே 1845 விற்பனைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே துறைமுகம் ஒடிந்துவிட்டது. அந்த ஆண்டில் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றது, தங்கள் இன்னொரு குடியேற்றமான செராம்பூரையும் சேர்த்து. தரங்கம்பாடி அந்தப் பேரத்தின் ஒரு பகுதி மட்டுமே.

இங்கேதான் கதை திரும்புகிறது. விற்பனைக்குப் பிறகு ஊர் காலியாகவில்லை. தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடம் நாகப்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்தது. கலெக்டர் வந்தால் சிரஸ்தாரும் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வருவார்கள். வழக்குக்காக வந்து தங்குவோருக்குச் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும். பிற்காலத்தில் தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1857-இல் முன்சீப்பாகப் பதவியேற்றதும் இதே ஊரில்தான்.

அந்த வாழ்வு பதினைந்து ஆண்டுதான். 1860 வாக்கில் கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் டெல்டாவின் நெல்லும் கடல் வணிகமும் நாகப்பட்டினத் துறைமுகத்துக்கே திரும்பின. மாவட்ட நீதிமன்றம் மட்டும் 1884 வரை இங்கே இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. தேக்கத்தின் வேரை இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தேடுவதே பொருத்தம் என்பது என் முடிவு. கொடி இறங்கியதைத் தாங்கிய ஊர், அரசுக் கச்சேரிகள் போனதைத் தாங்கவில்லை.

ரயில் இங்கேயும் வந்தது, 1926-இல், மாயவரத்திலிருந்து ஒரு கிளைப்பாதையாக. அறுபத்தைந்து ஆண்டு தாமதம். துறைமுகம் இல்லாத ஊருக்கு வந்த பாதை, பேருந்துகளோடு போட்டியிட முடியாமல் 1986-இல் மூடப்பட்டது.

மேலே சொன்ன 23,191 பேரும் எங்கே வாழ்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கோட்டைக்கு எதிரே உள்ள பழைய டேனியத் தெருக்களில் வாழ்வோர் சிறு பகுதியினரே. இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே, அதே பேரூராட்சிக்குள் அடங்கிய பொறையாற்றில்தான் பேருந்து நிலையமும் கடைவீதியும் கல்லூரியும் இருக்கின்றன. நற்றிணையில் பெரியன் என்ற தலைவனின் ஊராகப் பொறையாறு வருகிறது; அது இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் பேரூராட்சியின் பெயர்ப்பலகையில் இல்லாத ஊர்தான் மூத்தது. மொத்தக் கணக்கில் தேக்கமாகத் தெரிவதில் ஒரு பகுதி, மதிலுக்குள் நேர்ந்த சரிவும் மதிலுக்கு வெளியே நேர்ந்த வளர்ச்சியும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால் வந்தது என்று கருத இடமுண்டு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த இடப்பெயர்வை இன்னொரு படி தள்ளியது. கரையோரம் நெருங்கி வாழ்ந்த மீனவக் குடும்பங்களில் பலவற்றுக்குக் கடலைவிட்டு விலகிய புதுக் குடியிருப்புகளில் வீடு கிடைத்தது. படகும் வலையும் பழைய கரையிலேயே இருந்தன. அதே ஆண்டுகளில் பழைய மாளிகைகள் சில செப்பனிடப்பட்டு விடுதிகளாயின. விடுதிகளால் வேலை வந்தது, குடியேற்றம் வரவில்லை. இரவு தங்கிப் போகும் பயணிகள் குடிக்கணக்கில் ஏறுவதில்லை. அடுத்த கணக்கெடுப்பில் பேரூராட்சியின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. மதிலுக்குள்ளிருக்கும் தெருக்களையும், மீனவர் புதுக் குடியிருப்புகளையும், பொறையாற்றையும் வார்டு வாரியாகப் பிரித்து, முந்தைய கணக்குகளின் எல்லைகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.