காவற்கூலியும் கேமரா விலையும்

சேலையூரில் நமக்கு வேண்டிய ஒரு வீடு உண்டு. அதன் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே ஒரு சிறிய வெள்ளைக் கேமரா இருக்கிறது. அதன்மேல் பெரும்பாலும் ஓர் ஈரிழைத் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும். தனியே வசிக்கும் எழுபத்தெட்டு வயது அம்மையாருக்குத் துணையாயிருக்கட்டும் என்று நியூ ஜெர்சியிலிருக்கும் மகன் வாங்கி வைத்த கேமரா அது. ஒருநாள் இரவு எட்டு மணிச் செய்தியைப் பார்த்தபடி அவர் கண்ணயர்ந்துவிட, சுவரிலிருந்து "அம்மா, மாத்திரை போட்டுக்கிட்டியா?" என்று ஒரு குரல் எழுந்தது. பதறி விழித்தவர் மறுநாள் காலை முதல் வேலையாகத் துண்டைப் போட்டு மூடினார். மகன் நம்மை அழைத்தார். "துண்டு எட்டாத உயரத்துல மாட்டுற மாதிரி, மூவாயிரத்துக்குள்ள நல்ல கேமரா ஒண்ணு சொல்லுங்களேன்" என்பது அவருடைய வேண்டுகோள்.

ரிச்சி தெருக் கடைக்காரர் எவரிடம் கேட்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். நம்மிடம் கேட்டது அவருடைய போதாத காலம். வீட்டுக் காவல் என்ற ஒன்றுக்கு இந்த மண்ணில் நெடிய வரலாறு இருக்க, அதைப் புரட்டிப் பாராமல் விலைப்பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மதுரைக்காஞ்சி படித்தவர்களுக்கு அதன் நள்ளிரவுக் காட்சி நினைவிருக்கும். நூலேணியை இடையில் சுற்றிக்கொண்டு இருளோடு இருளாய் உலவும் கள்வர். அவர்களைத் தேடி, மழை கொட்டும் நடுயாமத்திலும் உறங்காது தெருவில் திரியும் ஊர்க்காவலர். புலவர் இரு தரப்பின் திறமையையும் ஏறக்குறைய ஒரே வியப்போடு பாடியிருப்பது தனிச்சுவை. பிற்காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல்லைப் பலமுறை காண்கிறோம். ஊரைக் காப்பதற்காக ஊரார் செலுத்திய வரி அது. காவல் என்பது விலையுள்ள பணி என்பதும், அந்த விலையை ஊரே சேர்ந்து கொடுத்தது என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன.

இன்னும் நமது பகுதிக்கு அருகே வருவோம். தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜாகீர் 1763இல் கம்பெனியாரின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்குள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். தரம்பால் அவர்களின் முயற்சியால் பிற்காலத்தில் மீண்டும் கவனத்துக்கு வந்த அந்த ஆவணங்களில், களத்து நெல்லில் கணக்கனுக்கு இவ்வளவு, தச்சனுக்கு இவ்வளவு, கொல்லனுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்த விவரம் இருக்கிறது. காவலுக்கும் அந்த நெல்லில் ஒரு பங்கு உண்டு. பயிரையும் வீட்டையும் காப்பவன் ஊரின் விளைச்சலில் பங்குகொண்டவன்.

இந்தப் பழைய முறையில் நம்மை மிகவும் ஈர்ப்பது ஒரு விதி. காவற்கூலி வாங்கியவன், தன் காவலில் களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க இயலாவிடில் ஈடு தர வேண்டும். நடைமுறையில் இது எப்போதும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டோம். வேலியே பயிரை மேய்ந்ததும் உண்டு. தென்மாவட்டங்களில் களவு போன மாட்டுக்குத் 'துப்புக்கூலி' கொடுத்து மீட்டவர்களுக்கு, கூலி வாங்கியவனுக்கும் திருடியவனுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. ஆயினும் கொள்கையளவில் காவலன் இழப்புக்குப் பொறுப்பாளி. கம்பெனி அரசு இம்முறையைக் குலைத்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளக் காவல்துறையைத் தந்தது. அன்று முதல் காவலர் களவைத் துப்பறிவார், குற்றவாளியைப் பிடிப்பார். ஈடு தரும் பொறுப்பு மட்டும் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது.

தாம்பரம் ஊர் என்ற நிலையிலிருந்து புறநகரானது இதற்குப் பின்னர்தான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. பின்னர் விமானப்படையினரும், ரயில்வே ஊழியரும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மனை வாங்கி வீடு கட்டினர். திண்ணை வைத்த வீடுகளல்ல அவை. சுற்றுச்சுவரும் இரும்புக் கிரில்லும், வாயிலில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையும் கொண்ட வீடுகள். (நாய் இல்லாத வீட்டிலும் பலகை இருந்தது.) இரவில் தடியைத் தட்டி விசில் ஊதிச் செல்லும் கூர்க்கா மாதப் பிறப்பில் வாசலில் வந்து நின்று சலாம் வைப்பார். தெருவே சேர்ந்து கொடுத்த அந்தச் சிறு தொகைதான் பாடிகாவலின் கடைசி எச்சம் என்று நமக்குத் தோன்றுகிறது. விசில் ஓசை கேட்டுப் புரண்டு படுத்தவர்களுக்கு, விழித்திருக்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதி இருந்தது.

வீட்டுக் கேமராவின் பிறப்பு நியூயார்க்கில். குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர் வசித்தார். அவருடைய கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில்நுட்பர். இருவருடைய பணிநேரமும் சீராக இல்லை. மேரி தனித்திருக்கும் இரவுகள் பல. அழைத்தால் போலீஸ் விரைந்து வரும் பகுதியும் அல்ல. 1966இல் இருவரும் சேர்ந்து ஒரு கருவிக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றனர். கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றுக்குப் பின்னே ஏறி இறங்கும் கேமரா, படுக்கையறையில் படம் பார்க்கும் திரை, வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி, தூரத்திலிருந்தே தாழ் திறக்க ஒரு பொத்தான், ஆபத்தென்றால் அபாய ஒலிக்கு இன்னொன்று. இன்றைய கருவிகளின் அடிப்படை அத்தனையும் அதிலேயே இருக்கிறது. ஆனால் கேமரா பார்த்தது வெளியே. பொத்தான்கள் இருந்தது உள்ளே, தனித்திருக்கும் பெண்ணின் கைக்கெட்டும் தூரத்தில். சேலையூரில் இது அப்படியே தலைகீழாகிவிட்டது. கேமரா பார்ப்பது உள்ளே இருக்கும் பெண்ணை. பொத்தான் இருப்பதோ நியூ ஜெர்சியில்.

நடுவே தெருக் கேமராவின் கதை ஒன்றுண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா கட்டாயம் என்று தமிழக அரசு 2012இல் விதி செய்தது. 2017க்குப் பின் சென்னைக் காவல்துறை 'மூன்றாம் கண்' என்ற பெயரில் கடைக்காரரையும் குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு தெருவெங்கும் கேமராக்களை நிறுவியது. 2020இல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் வெளியிட்ட கணக்கில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு சென்னை உலக நகரங்களில் முதலிடம் பெற்றது. 2022 ஜனவரி முதல் நாள் தாம்பரத்துக்கெனத் தனி மாநகரக் காவல் ஆணையரகமும் வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்ற வேண்டுகோளை இன்றும் கேட்கிறோம். ரோந்து வரும் மனிதக் கண் தேவைப்படாத நாள் இன்னும் வரவில்லை.

இனி நம் கையிலிருக்கும் கருவிக்கு வருவோம். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைப்பவை எல்லாம் ஏறத்தாழ ஒரே குடும்பம். 1920க்கு 1080 என்ற அளவில், அதாவது இருபது லட்சம் புள்ளிகளில் படம் தருபவை. சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் முப்பது லட்சம் புள்ளிகள். ஒரு கூடத்துக்குள் முகம் தெரிய முதல் அளவே போதும். இரவில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்கும். அவ்வொளியில் கண்ணாடியருகே ஊரும் பல்லியும், சிலந்தி பின்னும் நூலும் பேருருக் கொள்ளும். நள்ளிரவில் 'அசைவு தென்பட்டது' என்று கைபேசி அலறும். சேலையூரில் முதல் வாரத்தில் பிடிபட்ட ஊடுருவி ஒரு பல்லிதான். வைஃபையைப் பொறுத்தவரை இவற்றுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம்பியவை. நமது ஒன்பதங்குலச் செங்கற்சுவர்களை ஊடுருவ 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுவே மேல் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் வேறு கதை. மலிவான உள்வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலும் மின்கலம் இராது. மின்சாரம் போனால் கேமரா குருடு. மோடம் அணைந்தால் ஊமை. இரண்டையும் இன்வர்ட்டர் இணைப்பில் போடாதவர்கள் கேமரா வாங்கியும் பயனில்லை. அதற்கும் எல்லை உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் தளம்வரை நீர் ஏறிய அந்த நாட்களில் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. தாயைக் காண மகன் மிகவும் தவிக்கும் வேளையில் எந்தக் கேமராவும் பேசியிராது. படகில் வந்து கதவைத் தட்டியவர்கள் முன்பின் அறியாத இளைஞர்கள்.

பதிந்தது எங்கே போகிறது என்பதே பெரிய கேள்வி. நொடிக்கு ஒரு மெகாபிட் என்று கணக்கிட்டாலும் இடைவிடாப் பதிவு நாளொன்றுக்குப் பத்து கிகாபைட்டைத் தாண்டும். 64 கிகாபைட் மெமரி கார்டு ஐந்தாறு நாளில் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். கார்டு வேண்டாமென்றால் மாதச் சந்தா கட்டி நிறுவனத்தின் தொலைதூரக் கணினியில் சேமிக்கலாம். திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனாலும் படம் தப்பும். ஆனால் நம் கூடம் வேறொருவர் கிடங்கில் இருக்கும். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்க மலிவுக் கேமரா நிறுவனத்தில் நேர்ந்த கோளாற்றால் சுமார் 13,000 பேருக்கு மற்றவர் வீட்டுப் படங்கள் தெரிந்தன. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, அக்டோபர் 21 அன்று ட்விட்டர் உள்ளிட்ட தளங்களையே முடக்கிவிட்டது. நமது நாட்டில், ராஜ்கோட்டின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு விற்கப்பட்ட கொடுமை 2025இல் வெளிப்பட்டது. அங்கிருந்த கடவுச்சொல் 'அட்மின்123' என்று செய்திகள் கூறின.

அரசு சும்மா இருக்கவில்லை. கண்காணிப்புக் கேமராக்கள் ஆய்வுக்கூடச் சோதனையில் தேறியாக வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடப்பில் உள்ளது. வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குவது நலம். ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. கூடத்துக் கேமரா அந்த விலக்கினுள் வசதியாக அமர்ந்திருக்கிறது. கூடத்தைப் பெருக்க வரும் பெண்ணின் உருவமும் அதனோடு சேர்ந்து அங்கே அமர்கிறது. "பெரியம்மா, நான் பாத்திரம் தேய்க்கிறதையும் தம்பி அங்கேர்ந்து பாக்குதா?" என்று அவர் கேட்டாராம். அம்மையாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துண்டைப் போட்டதற்கு மாத்திரைக் குரல் பாதிக் காரணம். இந்தக் கேள்வி மறுபாதி.

பல மாதிரிகளில் லென்ஸை மூடிக்கொள்ளும் 'தனிமை' ஏற்பாடு உண்டு என்று நாம் மகனிடம் சொன்னோம். உண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டார். அதை இயக்கும் செயலி யார் கைபேசியில் இருக்கிறது என்று கேட்டோம். சற்று மௌனம். "என்கிட்டதான்" என்றார். அப்படியானால் அம்மையாருக்கு எட்டும் ஒரே பொத்தான் அந்தத் துண்டுதான் என்றோம். காவற்கூலி வாங்கியவன் இழப்புக்கு ஈடு தந்தான்; இக்கருவி விற்ற எவரும் அப்படி ஓர் உறுதி தருவதில்லை. கிடைப்பது சாட்சி மட்டும். சாட்சிக்கு வாசற்கதவைக் காட்டினால் போதாதா, சாய்வு நாற்காலியைக் காட்டுவானேன்?

புதிய கேமரா வாங்க வேண்டாம் என்பதே நமது பரிந்துரை. இருந்ததையே கழற்றி, செருப்பு அலமாரிக்கு மேலே, வாசற்கதவை மட்டும் பார்க்கும்படி மாட்டினோம். கடவுச்சொல்லை மாற்றினோம். பேசும் வசதியை அணைத்தோம். பேச வேண்டுமானால் தொலைபேசி இருக்கிறது. அம்மையாரின் கைபேசியிலும் செயலியை நிறுவி, திறக்கவும் மூடவும் இரண்டு நாள் பழக்கினோம். வேலைக்கு வருபவருக்கும் அதில் என்ன தெரிகிறது என்று காட்டினோம். தன் செருப்பை அடையாளம் கண்டு அவர் சிரித்தார். மகனுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கூடத்தில் தாய் தவறி விழுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையும் இரவும் எட்டிப் பார்க்க எதிர்வீட்டாரை ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்குமேல் நம்மிடம் விடை இல்லை. மெமரி கார்டு மட்டும் இன்னும் போடவில்லை. அடுத்த முறை ரிச்சி தெருப் பக்கம் போகும்போது வாங்கி வர வேண்டும்.