தற்காலிகப் பல் உறை

தற்காலிகப் பல் உறை என்பது நிரந்தர உறைக்காகச் சீவப்பட்ட பல்லின் மீது, அது தயாராகும் வரை, வழக்கமாக இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குப் பொருத்தப்படும் செயற்கை மூடி ஆகும். இழந்த பல்லின் இடத்தையும் நிரப்பும் அமைப்பு தற்காலிகப் பல் பாலம் எனப்படும்.

பயன்கள்

சீவும்போது எனாமல் நீங்கி, உள்ளிருக்கும் பல்திசு வெளிப்படுவதால் பல் கூசும். உறை அதனைச் சூடு, குளிர், நுண்ணுயிர்கள் ஆகியவற்றிலிருந்து காக்கிறது. பற்கள் இடம்பெயராமலும் தடுக்கிறது. உறை கழன்று நாட்கள் கடந்தால், பற்கள் நகர்ந்து நிரந்தர உறை பொருந்தாமல் போகலாம்.

பொருட்கள்

அக்ரிலிக், பிஸ்-அக்ரில் ஆகிய பிசின்களால் இவை செய்யப்படுகின்றன. அக்ரிலிக் இறுகும்போது வெளியாகும் வெப்பம் பற்கூழைப் பாதிக்கக்கூடும். பின்னர் எளிதில் கழற்றுவதற்காக வலிமை குறைந்த பசையால் உறை ஒட்டப்படும். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் பிசின் பசை இறுகுவதைத் தடுக்கக்கூடும். எனவே, நிரந்தர உறையைப் பிசின் பசையால் ஒட்டுவதாயின், யூஜெனால் கலவாத தற்காலிகப் பசை பயன்படுத்தப்படுகிறது.