தொலைந்த சாக்ஸும் சேராங்கொட்டைப் புள்ளியும்

வாஷிங் மெஷின் உள்ள வீடுகளில் ஒரு பொதுப் புலம்பல் உண்டு. உள்ளே போட்டது ஆறு ஜோடி சாக்ஸ், வெளியே வந்தது ஐந்தரை ஜோடி. மீதி எங்கே? பாப்பிரெட்டிப்பட்டியில் நான் படித்த காலத்தில் சாக்ஸ் என்பதே அபூர்வம். வாத்தியார்களே வெறும் செருப்போடுதான் வருவார்கள். இன்று ஸ்கூல் பஸ் ஏறும் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாம் ஒரு கவர் நிறைய ஒற்றைச் சாக்ஸ் கிடக்கிறது. ஜோடி ஒருநாள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை.

சீமையிலும் இதே கதைதான். 2016-ல் சாம்சங் நிறுவனம் பிரிட்டனில் ஓர் உளவியலாளரையும் ஒரு புள்ளியியல்காரரையும் வைத்து இதை ஆராய்ந்தது. ஓர் ஆள் மாதத்துக்குச் சராசரியாக 1.3 சாக்ஸ், வருடத்துக்கு 15 தொலைக்கிறார் என்று கணக்குச் சொன்னார்கள். மெஷின் ஓடும்போதே விட்டுப்போன துணியைப் போட ஒரு சிறு கதவு வைத்த மாடலை அந்தக் கம்பெனி அப்போது விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காரணங்கள் ஒன்றும் மாயமில்லை. முன்பக்கக் கதவு உள்ள மெஷினில் ரப்பர் வளையத்துக்கும் உள்டிரம்முக்கும் நடுவில் சின்னத் துணி நழுவிப் போய்விடும். தலையணை உறைக்குள் புகுந்துகொள்ளும். கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டுக் கொட்டகை மேல் விழும். அதற்கு மேல் கணக்கும் நமக்கு எதிரி. பத்து ஜோடியில், அதாவது 20 சாக்ஸில், ஆறு தொலைகிறது என்று வையுங்கள். அந்த ஆறும் சரியாக மூன்று ஜோடிகளாகவே தொலைய வாய்ப்பு 323-ல் ஒன்று. ஆறும் ஆறு வெவ்வேறு ஜோடியிலிருந்து தொலைந்து, ஆறு ஒற்றைகளை நம் தலையில் கட்டிவிட்டுப் போக வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். ஒற்றை மிஞ்சுவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம்ம ஊரில் ஒரு காலத்தில் முப்பது நாற்பது வீட்டுத் துணி ஒரே மூட்டையில் கழுதை மேல் ஏறி ஆற்றுக்குப் போய், ஒரே அடுப்பில் வெந்து, ஒரே வெயிலில் காய்ந்து, அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்தது. எல்லாம் வெள்ளை வேட்டி, எல்லாம் ஒரே நீளம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்தான் அதைப் பிரித்துக் கொடுத்தார். வண்ணார் என்றும் ஏகாலி என்றும், தெலுங்கு பேசும் வீடுகளில் சாகலி என்றும் சொல்வார்கள்.

அவரிடம் இருந்த ரகசியம் சேராங்கொட்டை. சேங்கொட்டை என்றும் சொல்வதுண்டு. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம். கொட்டையை ஊசியால் குத்தினால் பிசுபிசுப்பாக ஒரு சாறு வரும். காற்றுப் பட்டால் கருத்துவிடும். அதைத் தொட்டு வேட்டி மூலையில், சட்டைக் காலரின் உள்பக்கம், சேலையில் இடுப்பில் செருகும் ஓரத்தில் ஒரு குறி போட்டு, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவுவார்கள். அவ்வளவுதான், துணி உள்ளவரை போகாது. உவர்மண் கரைசலில் முக்கி, ராத்திரி முழுக்க வெள்ளாவியில் ஆவி பிடித்து, காலையில் கல்லில் அடித்தாலும் போகாது. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி, ஒரு வீட்டுக்கு இரண்டு, இன்னொன்றுக்குப் பெருக்கல் குறி, வேறொன்றுக்குச் சூலம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் பழைய குறியோடு ஒரு கோடு சேரும். ரேஷன் கார்டு பிரிவதற்கு முன்னாலேயே குடும்பம் பிரிந்தது வண்ணாருக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளைக்காரர்கள் இந்தக் கொட்டைக்கு மார்க்கிங் நட் என்றே பெயர் வைத்தார்கள். தாவரவியல் பெயர் செமிகார்பஸ் அனகார்டியம். செமிகார்பஸ் என்றால் கிரேக்கத்தில் குறி போடும் கனி என்று பொருள். ஆற்றங்கரையில் வேட்டி மூலையில் வைத்த புள்ளி, உலகத்துப் புத்தகங்களில் ஒரு மரத்தின் பெயராக உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சாறு பொல்லாதது. சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். சேரா மரத்தடியில் படுக்காதே என்று மாடு மேய்க்கும் பையன்களை எச்சரிப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பும் கொப்புளமும் வந்தன. அவர்களுடைய டாக்டர்கள் காரணத்தைத் தேடி, துணியில் இருந்த சலவைக் குறியில் போய் நின்றார்கள். 1943-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் டோபி மார்க் டெர்மடைட்டிஸ் என்ற பெயரோடு அது அச்சானது. குறி போட்ட கைகளின் கொப்புளத்தைப் பற்றி நம் பக்கம் யார் எழுதினார்கள்?

போலீஸுக்கும் இந்தக் குறி உதவியது. அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் சட்டையில் சலவைக் குறி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். தடயவியல் பாடப் புத்தகங்களில் இன்றும் அது ஓர் அடையாளம்.

துணி காணாமலே போகாது என்று நான் சொல்லவில்லை. சில துணி கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வரும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடைபாவாடை விரிப்பதும், பந்தலில் மேற்கட்டு கட்டுவதும் வண்ணார் கடமை. அத்தனை துணிக்கு அவர் எங்கே போவார்? இந்த வீட்டுச் சேலை அந்த வீட்டுப் பந்தலில் இரண்டு நாள் தொங்கும். கண்டவர்கள் சிரித்துக்கொண்டு போனதும் உண்டு, பஞ்சாயத்து வைத்ததும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு முறை சரிகை வேட்டி ஒன்று காணோம். வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை, வண்ணார்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த அறுவடைக்குக் களத்தில் அவருக்கு அளக்க வேண்டிய நெல்லை அளக்கவில்லை. அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். அரை டிராயர் போட்ட நாங்கள்கூட அவரை ஒருமையில்தான் கூப்பிடுவோம், அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வந்து, "குறியப் பாருங்க சாமி, நம்ம குறி இருந்தா எங்க போனாலும் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சில மாதம் கழித்து அந்த வேட்டி பொம்மிடியில் அந்த வீட்டுச் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. விசேஷத்துக்குப் போனபோது மாறிப் போயிருக்கிறது. மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. அடுத்த அறுவடைக்கு நெல் அளந்தார்கள். பழைய பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகு பாலியஸ்டர் வந்தது, சோப்புத்தூள் வந்தது, வீட்டிலேயே துவைக்க ஆரம்பித்தோம். வெள்ளாவி அடுப்புகள் அணைந்தன. அவர் பேரன்மார் வேறு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அது நல்லதுதான். இஸ்திரிக் கடைக்காரர் இப்போது மார்க்கர் பேனாவால் காலரில் நம்பர் எழுதுகிறார், நாலு துவையலில் அழிந்துவிடுகிறது. சாக்ஸை அவரிடமும் யாரும் கொடுப்பதில்லை.

எங்கள் அப்பாவின் கடைசிப் பருத்தி வேட்டி கிழிந்து, தலையணை உறையாகி, பிறகு விளக்குத் துடைக்கும் துணியானது. அதிலும் அந்த இரண்டு புள்ளி கறுப்பாகவே இருந்தது.