பாடு பிரித்த பெரியவர்களும் பயிற்சி எடுத்த பெண்களும்

மீஞ்சூர் ஒன்றியத்தின் வடகோடியில், பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள குப்பங்களுக்கு ஆட்களைத் திரட்டுவது புதிய வேலை அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள் காலங்காலமாகப் ‘பாடு’ பிரித்துத்தான் ஏரியில் தொழில் செய்து வந்திருக்கிறார்கள். ஓதத்தோடு இறால் ஏறி இறங்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்குத்தான் போட்டி அதிகம். எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்து வலை கட்டுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொடுத்தார்கள். 1991இல் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிட்டது. அதன்பின் இந்த முறை உலக மீன்வளத் துறையினருக்கும் தெரியவந்தது.

சண்டையை அடக்குவது, தண்டம் விதிப்பது, பக்கத்து ஊரோடு பேசி முடிப்பது என்று கூட்டம் நடத்துவதற்கு எத்தனையோ நுணுக்கங்கள் உண்டு. இவற்றுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பெரியவர்கள் பேசும்போது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பதுதான் பயிற்சி. அந்த வரிசையில் பெண்களுக்கு இடமில்லை என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

இருளர்களும் பாடு முறைக்கு வெளியேதான் இருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இன்றும் பார்க்கலாம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். ஊர்க்கூட்டத்துக்கு வா என்று இவர்களை யாரும் அழைத்ததில்லை.

ஆட்களைத் திரட்டுபவருக்கு முறையான பயிற்சி தேவை என்ற எண்ணம் வெளியிலிருந்துதான் வந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. தமிழக மீனவர்களின் முதியோர் கல்விக்காக ஊக்குநர்களுக்கு ஒரு கையேடும், அவர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்குத் தனியாக இன்னொன்றும் அந்தத் திட்டம் தயாரித்தது. கற்றுக்கொடுப்பவருக்கும் துணை வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவானது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், 1997-98 முதல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஊக்குநர், பிரதிநிதிகள். கூட்டத்தை நடத்துவது, தீர்மானம் எழுதுவது, சேமிப்புக்கும் கடனுக்கும் கணக்கு வைப்பது, வங்கி மேலாளரிடம் பேசுவது என்று எல்லாவற்றிலும் பயிற்சி உண்டு. பின்வரிசையில்கூட இடம் கிடைக்காத பெண்கள் தீர்மானப் புத்தகத்தைத் தாங்களே எழுதத் தொடங்கியது, ஏரிக்கரை ஊர்களின் வரலாற்றில் சிறிய காரியம் இல்லை. ஆனால் பயிற்சி பெரும்பாலும் கடனையும் கணக்கையும் சுற்றியே நின்றது. ஏரியும் கடலும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அதில் இடம் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி துறைமுகத்தோடு வந்து சேர்ந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் பின்னால் வந்தது. 2018இல் காட்டுப்பள்ளி அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை விரிவாக்கும் திட்டத்துக்கு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் கிடைக்கும் என்றாலும், முழு அறிக்கையும் வரைபடங்களும் அட்டவணைகளும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நீளும். கடலுக்குப் போய்வந்த கையோடு ஒருவர் அவற்றைப் படித்து, ஊராருக்கு விளக்கி, 30 நாளுக்குள் கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். வழக்கறிஞர்களும் சூழலியல் ஆர்வலர்களும் கூடவே உட்கார்ந்து உதவினால்தான் இது நடக்கும். ஆனால் தொழிலை விட்டுவிட்டுப் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் அலைபவரின் பஸ் காசையும் அன்றைய வருமானத்தையும் எந்தத் திட்டமும் ஈடுகட்டுவதில்லை. இது நியாயமே இல்லை.

2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நடப்பதாக இருந்ததும் நடக்கவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டியவர்கள், அடுத்த தேதி வந்தால் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.