இடைவேளை மணி முதல் பிரியாவிடை வரை

எமது பாடசாலையின் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் பற்றியெல்லாம் இம்மலரில் தகுதியானவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் காலத்து மாணவிகள் எப்படி வந்து சேர்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டார்கள், எப்படி விடைபெற்றார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம். சில்லறை விடயங்கள்தாம். ஆனால் ஒரு பிள்ளை உயர்தரம் வரை படித்தாளா, ஆண்டு ஒன்பதோடு நின்றாளா என்பதைப் பல வேளைகளில் தீர்மானித்தவை இவையே.

நாங்கள் 1991இல் ஆண்டு ஆறில் சேர்ந்தவர்கள். ('தரம்' என்ற சொல் பின்னால் வந்தது.) வகுப்பில் ஏறத்தாழ பாதிப்பேர் பதுளை நகரத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் ஹாலி-எல, தெமோதரை, ஸ்பிரிங்வெலி, பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

ஒரு தோட்டத்துப் பிள்ளை எமது வாசல்வரை வந்து சேர்வதற்கே நீண்ட காலம் பிடித்தது. தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகம் கல்வி வழங்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. நடைமுறையில் அது லயத்தின் ஒரு காம்பராவில் ஒரேயொரு வாத்தியார் எல்லா வகுப்புகளையும் வைத்து நடத்திய பள்ளிக்கூடமாகத்தான் இருந்தது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது, தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் போனது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பள்ளிக்கூடமோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் அந்தப் பள்ளிக்கூடங்களும் படிப்படியாக அரசாங்கத்திடம் வந்தன.

இதற்கிடையே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எமது பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் போகச் சொன்னது. மூத்த அக்காமாரின் ஓட்டோகிராப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறோம். கடைசிப் பக்கங்களில் கூடலூர், கோத்தகிரி, திருச்சி முகவரிகள். தலைமன்னாரில் கப்பலேறிப் போன வகுப்புத் தோழிகளுடையவை. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தபோது இன்னும் சில குடும்பங்கள் புறப்பட்டன.

எங்கள் காலத்துக்கு வருவோம். காலை மணி 7.30க்கு. தோட்டத்தில் அம்மா பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி தட்டி வைப்பார். ஐந்தரைக்கு இறங்கினால்தான் பெருந்தெருவில் அந்த ஒரே பஸ்ஸைப் பிடிக்கலாம். வெள்ளைச் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்போடு தேயிலை மலைக்குள்ளால் நடந்து, ரோட்டுப் பீலியில் காலைக் கழுவி, அட்டை கடித்த இடத்தைத் துடைத்து, பிறகு சப்பாத்தைப் போட வேண்டும். பஸ் நிற்காமல் போனால் அன்றைய படிப்பு போயிற்று. சீசன் டிக்கெட்காரப் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்தாத சாரதிகள் அப்போதும் உண்டு. பிந்தி வந்தவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். நகரத்துப் பிள்ளைக்கு அது எப்போதாவது கிடைக்கும் தண்டனை. தோட்டத்துப் பிள்ளைக்கோ வாரத்தில் இரண்டு நாள். 1993இல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது ஆடையில் இருந்த வித்தியாசம் குறைந்தது. பஸ்ஸில் இருந்த வித்தியாசம் அப்படியே இருந்தது.

சாப்பாட்டுச் சட்டங்கள் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். இடைவேளை மணி அடித்தால் கை கழுவி அவரவர் வகுப்பிலேயே உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுமே. வாசலில் அச்சாறு விற்பவரிடம் வாங்கக் கூடாது. (வாங்காதவர் யாரும் இருந்தால் கையை உயர்த்தலாம்.) இவற்றோடு இன்னொரு சட்டமும் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வராதவர்களின் பெயரை வகுப்புத் தலைவி எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். நடந்தது வேறு. வீட்டில் மா இல்லாத நாளில் சில பிள்ளைகள் பெயர் எழுதப்படுவதற்குப் பயந்து பாடசாலைக்கே வராமல் நின்றார்கள். சிலர் வெறும் பெட்டியைக் கொண்டு வந்து, மூடியைப் பாதி திறந்து, குனிந்து சாப்பிடுவதுபோல் பாவனை செய்தார்கள்.

பழைய மாணவியர் கூடினால், தோட்டத்துப் பிள்ளைகளின் ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் நகரத்துப் பிள்ளைகள் சோற்றைக் கொடுத்துப் பண்டமாற்றுச் செய்த கதையைத்தான் சிரிக்கச் சிரிக்கச் சொல்வோம். அது உண்மை. ஆனால் மாற்றிக்கொள்ளக் கையில் ஒன்றுமில்லாதவர்கள் அந்தக் கதையில் வருவதில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் வகுப்பாசிரியை. அவர் யாரையும் விசாரிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை மேசையில் பெரிய தட்டொன்றை வைத்து, பெட்டி திறந்ததும் எல்லோரும் அதில் ஒரு பிடி போட வேண்டும், யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் உலையில் போடுமுன் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்தானே. வெறும் பெட்டியோடு வந்தவள் எழுந்துபோய்த் தட்டிலிருந்து எடுத்தால், அவளுக்கு ரொட்டி ஆசை என்றே மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெயர் எழுதும் வேலையும் சத்தமில்லாமல் நின்றது. வருகை இடாப்பில் அதன் பலன் தெரிந்தது.

எம்மில் சிலர் பின்னர் மருத்துவம் படித்தோம். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றி அப்போது 'நோஞ்சான்' என்றும் 'நடிப்பு' என்றும் பேசப்பட்டதை இன்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. முதல்நாள் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டவள், விடியற்காலை மலையிறங்கி, வெயிலில் நிற்கிறாள். பருவமடையும் வயதில் உடம்புக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. ரொட்டியோடு குடிக்கும் சாயத்தண்ணியோ உணவிலுள்ள கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலம் விடுங்கள் என்று இன்று கிளினிக்கில் தாய்மாருக்குச் சொல்கிறோம். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்வது எளிதல்ல. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம்.

பிரியாவிடைக்கு வருவோம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சகோதரிகள் தம் மகள்மாரின் 'புரொம்' படங்களை அனுப்புகிறார்கள். நீண்ட கவுன், வாடகைக் கார், பக்கத்தில் ஒரு பையன். எமக்கு வாய்த்தது மண்டபத்தில் கடதாசித் தோரணம், ரோல்ஸ், பட்டிஸ், நெக்டோ, இலங்கை வானொலிப் பாணியில் ஒரு பாட்டுக்குப் பாட்டு. சினிமாப் பாட்டு கூடாது என்ற கட்டளை இரண்டாவது சுற்றிலேயே காற்றில் போகும். இதற்கெல்லாம் மேலாக, உயர்தர மாணவிகள் முதன்முதலாகச் சாரி உடுத்தும் நாள் அது.

அந்தச் சாரிதான் பிரச்சினை. எங்களுக்கு முந்திய தொகுதியில் சிலர் காய்ச்சல் என்று சொல்லிப் பிரியாவிடைக்கு வரவில்லை. காய்ச்சல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1999இல் எங்கள் முறை வந்தபோது, எல்லோரும் சீருடையிலேயே வருவோம் என்று ஒரு பகுதியினர் சொன்னோம். மறுபகுதியினர் அழுதார்கள். நியாயமான அழுகைதான். வாழ்க்கையில் ஒருமுறை வரும் நாள் அல்லவா? கடைசியில் எட்டிய முடிவு: யாரும் புதுச்சாரி வாங்கக் கூடாது, சொந்தச் சாரியும் உடுத்தக் கூடாது, எல்லோரும் இன்னொருவரிடம் இரவல் வாங்க வேண்டும். ஆசிரியைகளின் அலுமாரிகள் திறந்தன. சிங்கள ரீச்சரின் கண்டிச் சாரியைக் கட்டிக்கொண்டு வந்த எமது தோழியின் அழகைப் பற்றி இன்றும் பேச்சு அடிபடுகிறது. அன்று காய்ச்சல் யாருக்கும் வரவில்லை.

ஆனாலும் அந்தப் பிரியாவிடைப் படத்தில் இருப்பவர்கள் எங்கள் ஆண்டு ஆறு வகுப்பில் பாதிக்கும் குறைவு. சிலர் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள், சிலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு, சிலர் பின்னர் மத்திய கிழக்குக்கு. சிலரை நிறுத்தியது ஒரு துண்டுக் கடதாசி. சாதாரண தரப் பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் பெயர் ஒன்று, பாடசாலை இடாப்பில் பெயர் வேறொன்று. திருத்துவதற்குக் கச்சேரிக்கு அலைந்தால் அம்மாவின் ஒருநாள் பேர் போகும்.

இந்த மலரில் அவர்களுடைய படங்கள் இல்லை, பட்டங்களும் இல்லை. அவர்களும் பழைய மாணவிகள்தாம். நூற்றாண்டு ஒன்றுகூடலுக்கு வரும்போது ஆண்டு ஆறு வகுப்புப் படம் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. யார் எந்தத் தோட்டம், இப்போது எங்கே என்று கேட்டு எழுதுவதற்கு வாசலருகே ஒரு மேசை போட்டிருப்போம்.