சேத்தக்: ஒரு பழைய ஹெலிகாப்டரின் வரலாறு

அண்ணாமலையின் உயரம் ஏறத்தாழ 2,668 அடி. ரமணாசிரமத்தின் பின்புறமாகக் கந்தாசிரமத்திற்குச் செல்லும் பாதையில் சிறிது தூரம் ஏறினாலே நமக்கு மூச்சு வாங்குகின்றது. இத்தகைய மலைகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ, அவ்வளவு உயரத்திலும் அதற்கு மேலும், சியாச்சென் பனியாற்றில் 1984ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வீரர்கள் காவல் புரிந்து வருகின்றனர். அந்த உச்சிகளுக்கு உணவும் மண்ணெண்ணெயும் மருந்தும் சுமந்து சென்று, நோயுற்றவர்களைக் கீழே கொணர்ந்தது ஒரு சிறிய ஹெலிகாப்டர். 'சீட்டா' என்பது அதன் பெயர். அதனினும் சற்று மூத்தது 'சேத்தக்'. ராணா பிரதாப சிம்மனின் குதிரைக்கு அமைந்த பெயரே இதற்கும் இடப்பட்டது.

மாணவ நேயர்களே, இவ்விரண்டின் பூர்விகம் பிரான்சு தேசம். 1955ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் 'அலுவெட் 2' என்னும் ஹெலிகாப்டர் அங்கே முதன்முதலாகப் பறந்தது. அலுவெட் என்றால் வானம்பாடி. அதுகாறும் ஹெலிகாப்டர்களில் இருந்தவை பெரும்பாலும் மோட்டார் வண்டியைப் போன்ற பிஸ்டன் எஞ்சின்களே. அவை பளு மிக்கவை. அலுவெட்டில் வைத்ததோ 'ஆர்ட்டூஸ்ட்' என்னும் டர்பைன் எஞ்சின். எடை குறைவு, ஆற்றல் அதிகம். டர்பைன் எஞ்சினுடன் தொழிற்சாலையில் தொடர்ந்து உற்பத்தியான முதல் ஹெலிகாப்டர் இதுவேயாகும். இதன் தம்பியான 'அலுவெட் 3' 1959இல் பறந்தது. மறு ஆண்டே நம் இமயத்தில் சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் இறங்கி எழுந்து காட்டியது. 1962இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பிரெஞ்சுக்காரருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1965இல் இந்தியாவில் உருவான அலுவெட் 3 பறந்தது. அதுவே சேத்தக்.

மலை நாட்டுக்கேற்ப, அலுவெட் 2இன் இலேசான உடலில் அலுவெட் 3இன் ஆற்றல் மிக்க எஞ்சினைப் பொருத்தியதன் விளைவே சீட்டா. நம் படையினர் கேட்டுக்கொண்டதற்கிணங்கவே பிரெஞ்சுக்காரர் அதனை வடிவமைத்தனர். 1972ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் ஜான் பூலே என்னும் விமானி பிரான்சில் அவ்வகை ஊர்தியில் 12,442 மீட்டர் உயரம் சென்று உலகச் சாதனை புரிந்தார். அந்த உயரத்திலிருந்து திரும்பும்போது எஞ்சின் அணைந்துவிட்டது! ஆயினும் அவர் பத்திரமாகத் தரை சேர்ந்தார். எப்படி? பனையோலைக் காற்றாடியை எதிர்காற்றில் பிடித்தால் சுழலுமன்றோ? கீழிறங்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகளையும் எதிர்காற்று அவ்வாறே சுழற்றும். அச்சுழற்சி வீழ்ச்சியைத் தடுத்து இறக்கிவிடும். ஆனால் இது விமானியின் திறமையையும், கீழே இறங்க இடமிருப்பதையும் பொறுத்தது. பனிமலை இடுக்கிலே அத்தகைய இடம் எளிதில் வாய்ப்பதில்லை. ஒரே எஞ்சின் உள்ள ஊர்தி என்பதனால், அந்த எஞ்சினைப் பேணுவோரின் பொறுப்பு சாமானியமானதன்று.

நம் சேத்தக்கிலும் சீட்டாவிலும் அமைந்த ஆர்ட்டூஸ்ட் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 33,500 முறை சுழலும். மேலேயுள்ள மூன்று இறக்கைகளோ சுமார் 350 முறையே சுழல வேண்டும். இடையிலே நின்று வேகத்தைக் குறைத்துத் தருபவை பற்சக்கரங்கள். இவை எல்லாம் தேயும், தேயாதவைகூடக் களைப்படையும். கம்பியொன்றைப் பலமுறை இப்படியும் அப்படியும் வளைத்தால், ஒரு கட்டத்தில் அது முறிகின்றது. உலோகத்துக்கு வரும் இக்களைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவேதான் முக்கியமான உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு உண்டு. அது எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது பிரித்துப் பார்க்கப்பட்டது என்பன அதில் எழுதப்படும். ஆயுள் வரையறுத்த உறுப்பின் மணிக் கணக்கு முடிந்ததும், பளபளவென்று புதிதுபோல் இருப்பினும் அதனைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். நம் ஊர்ப் பெரிய தேரின் மரத்தில் பழுது கண்ட பின்பு அதனை மாற்றுகிறோம். இங்கே பழுது காணுமுன்பே மாற்றுகின்றனர். இதில் சிக்கனம் பார்ப்பது கொடிய அறியாமை என்பேன்.

விரிசலைக் காண ஒரு முறை உண்டு. உறுப்பின் மீது சிவப்புச் சாயத்தைத் தடவிச் சிறிது பொறுத்துத் துடைத்துவிட்டு, வெண்பொடி தூவுவார்கள். மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் கசிந்து, வெள்ளையில் செங்கோடாகத் தோன்றும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இறக்கைகள் மூன்றும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்று அறிய, முற்காலத்தில் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு வண்ணச் சுண்ணத்தைப் பூசி, சுழலும்போது ஒரு கம்பத்தில் கட்டிய துணியை மெல்ல அருகே கொண்டு செல்வார்கள். துணியில் விழும் வண்ணக் குறிகள் ஒரே இடத்தில் அமைந்தால் சரி. விலகினால், விலகிய இறக்கையைத் திருத்த வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் வருமுன்னே மனிதர்கள் கண்டறிந்த இந்த உபாயம் எவ்வளவு அழகியது!

கடற்படையினருக்கு வேறொரு தொல்லை. உப்புக் காற்று எஞ்சினுக்குள் புகுந்து அரிக்கும்; ஆதலின் நன்னீர் விட்டு உள்ளே கழுவ வேண்டும். இத்தகைய ஊர்திகளில் பறக்கும் பயிற்சி நம் மாநிலத்திலேயே, அரக்கோணத்தில் நடைபெற்றது. 1992ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் குடியரசுத் தலைவர் இரா. வெங்கட்ராமன் அங்கே 'ராஜாளி' கடற்படை விமானத் தளத்தைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் கொச்சியிலிருந்து ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கு வந்து சேர்ந்தது. கடற்படை இளைஞர் பலர் சேத்தக்கிலேயே முதலில் பழகினர்.

பிரான்சில் இவ்வகைகளின் உற்பத்தி 1980களில் நின்றுபோயிற்று. சுவிட்சர்லாந்து 2010இலும், நெதர்லாந்து 2016இலும் தம் அலுவெட்களுக்கு ஓய்வு கொடுத்தன. ஐரோப்பிய ஆர்வலர் சிலர் அவற்றைப் புதுப்பித்து, விடுமுறை நாட்களில் பறக்கின்றனர். அது பொழுதுபோக்கு. நம்மிடமோ அதே ஊர்தி பனிமலையில் கடமையாற்றியது. உதிரி உறுப்புகளைப் பெங்களூரே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சீட்டாவில் புதிய எஞ்சினை வைத்துச் 'சீட்டல்' என்ற பெயரில் புத்துயிர் அளித்ததும் ஒரு முயற்சி.

எனினும் விபத்துகள் நேர்ந்தன. இளம் அதிகாரிகள் உயிரிழந்தனர். 2015இல் இராணுவ அதிகாரிகளின் மனைவியர் ஒன்று சேர்ந்து, இவ்வூர்திகளை நிறுத்துங்கள் என்று பாதுகாப்பு அமைச்சரிடம் முறையிட்டனர். பராமரிப்பவர் கை எவ்வளவு தேர்ந்ததாயினும், 1950களின் வடிவத்தில் இல்லாததை அது உண்டாக்க இயலாது. மேகத்தினுள் வழிகாட்டும் புதுக் கருவிகளும், பிற்கால ஊர்திகளிலுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளும் அதில் இல்லை. அப்பெண்மணிகளின் கேள்வி நியாயமானதென்றே நான் கருதுகிறேன். மாற்றாக வடிவமைத்த இலகுரக ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் பெங்களூரில் முதன்முறை பறந்தது. அதனை உற்பத்தி செய்வதற்கான தொழிற்சாலை, கர்நாடகத்துத் துமகூரு மாவட்டத்தில் 2023 பிப்ரவரி 6ஆம் நாள் திறக்கப்பெற்றது.