சுமை விழும் இடம்: கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தில் சிலுவை

பாலசமுத்திரம் ஆந்திர எல்லைக்குள் இருப்பினும் தமிழ் ஒலிக்கும் பகுதி. திருமலையும் நெடுந்தொலைவில் இல்லை. இங்கே 'சரணாகதி' என்னும் சொல்லுக்கு எவரும் உரை கேட்பதில்லை. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆர்க்காடு மிஷன் சித்தூர் வட்டாரத்தில் சிலுவையைப் போதித்தபோது, கேட்டோர் செவியில் ஏற்கெனவே குடியிருந்த சொல் அது. வைணவம் ஊறிய மனம் கிறிஸ்துவின் பலியை எவ்வாறு பொருள்கொண்டது? தெளிவான சான்று தெற்கே, நெல்லைச் சீமையில் கிடைக்கிறது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த மகன், 1858இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையின் தழுவல் இது என்று பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அவ்வரி முக்கியமான ஒன்றை மறைக்கிறது. பனியனின் பயணி சிலுவையடியை அடைகிறான். முதுகுச் சுமை தானே அவிழ்ந்து கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. சில வரிகளில் காட்சி முடிந்துவிடும். சிலுவையில் நிகழ்ந்தது அவர் வாசகர்க்கு முன்பே தெரியும். கிருஷ்ணபிள்ளையோ இரட்சணிய சரிதப் படலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். மூலத்தில் இல்லாத பகுதி இது. சுமை ஏன் விழுகிறது என்பதைக் கதையாகக் காணாமல் தமிழ் வாசகன் உருகமாட்டான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன்.

'பலி' என்ற சொல்லை எண்ணிப் பார்க்கலாம். நம் ஊர்களில் பலி என்பது மனிதன் தெய்வத்துக்குக் கொடுப்பது: ஆடு, கோழி, நேர்ச்சை. கிறித்தவத்தில் கொடுப்பவரும் கொடுக்கப்படுபவரும் ஒருவரே. மனிதன் வெறுங்கையோடு நிற்கிறான். இந்த வெறுங்கை வைணவர்க்குப் புதிதன்று. தன்னிடம் ஏதுமில்லை என்று ஒப்புக்கொள்வதே சரணாகதியின் தொடக்கம். அருள் கொடுப்பவருக்கு அதனால் நேரும் வலிதான் புதிது. கம்பனின் நாயகன் பகைவனை வீழ்த்த வில்லெடுக்கிறான். கிருஷ்ணபிள்ளையின் நாயகன் பகைவர்க்காகத் தானே வீழ்கிறான். விருத்தமும் நடையும் கம்பனுடையவை என்பதால் இம்மாற்றம் கூடுதலாக உறைக்கிறது. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் ஒற்றுமையைப் புகழ்கிறது. எனக்கு இவ்வேற்றுமையே பெரிதாகத் தெரிகிறது.

ஆயின், பழைய பக்தியை அவர் கழற்றி எறிந்தார் என்றும் சொல்வதற்கில்லை. அவர் 1900இல் மறைந்தார். இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்படும் அவருடைய கீர்த்தனை ஒன்று, இறைவனையன்றித் துணையும் உறவும் வேறில்லை என்று கண்ணிதோறும் முடிகிறது. சிலுவைக் கொள்கையை விளக்காமல், அடைக்கலம் கேட்கிறது அப்பாட்டு. மெட்டையும் பெயரையும் மறைத்துவிட்டு அதைத் திருமலை அடிவாரத்தில் ஒருவருக்குச் சொன்னால், இது எந்த ஆழ்வாரின் மரபு என்று கேட்கக்கூடும்.